இடது பக்கம் போய் உட்கார்ந்தவள்

தையல்காரர் பக்கவாதத்திலிருந்து பிழைத்து வீடு திரும்பிய வாரத்தில், அவர் கட்டிலுக்கு இடது பக்கம் இருந்த ஜன்னல் இல்லாமல் போயிற்று. யாரும் அடைக்கவில்லை, யாரும் பெயர்க்கவில்லை. விடிந்தபோது அங்கே வெறும் சுவர் இருந்தது. கொத்தனார் வந்து தட்டிப் பார்த்துவிட்டு, "இந்தச் சுவத்துல ஜன்னலே வெச்சதில்லைங்க" என்று அடித்துச் சொன்னார். வைத்தவரே அவர்தான். நம்பாதவர்கள் இப்போதும் வந்து தடவிப் பார்க்கலாம்.

இடது கையும் காலும் விழுந்ததோடு, இடது பக்கம் என்று ஒன்று இருப்பதே தையல்காரருக்கு மறந்துபோயிருந்தது. கண்ணில் கோளாறு இல்லை. அந்தப் பக்கம் திரும்ப அவருக்குத் தோன்றாது, அவ்வளவுதான். தட்டில் வலது பாதியைச் சாப்பிட்டுவிட்டு "இவ்வளவுதானா?" என்பார். கொஞ்சம் தேறியதும் கத்தரிக்கோல் கேட்டார். மகள் துணியைப் பிடித்துக்கொள்ள, ஒரு சட்டைக்கு வலது முன்பக்கம், வலது கை, பாதிக் காலர் எல்லாம் நூல் பிசகாமல் வெட்டி, "முடிஞ்சுதும்மா, நீ தெச்சுடு" என்றார். மகள் சமையலறைக்குப் போய் அழுதாள்.

இது எங்கும் நடப்பதுதான், டாக்டர்கள் இதற்கு ஒரு பேரும் வைத்திருக்கிறார்கள். இந்த வீட்டில் மட்டும், அவர் பார்க்காதது நிஜமாகவே போய்விட்டது. ஜன்னலுக்குப் பின் கடிகாரம் போனது, அப்புறம் துணி அலமாரி. பூனை இடது பக்கம் படுத்துத் தூங்கிய மத்தியானம்தான் வீடே நடுங்கிப்போனது. அது இன்றுவரை திரும்பவில்லை. அதற்குப் பிறகு எல்லோரும் வலது பக்கமே புழங்கினார்கள். நலம் விசாரிக்க வந்தவர்கள்கூட, மழைக்கு ஒதுங்கியவர்கள் மாதிரி அந்த ஒரு பக்கத்திலேயே இடித்துக்கொண்டு நின்றார்கள்.

கை கால் பயிற்சி கொடுக்க வந்த பெண் அதைப் பார்த்துச் சத்தம் போட்டாள். "எல்லாரும் இங்கயே நின்னா அவர் எப்படித் திரும்புவார்? இடது பக்கம் போய்க் கூப்பிடுங்க, அந்தக் கையைப் பிடிங்க. இப்ப விட்டா அப்புறம் வராதும்மா." சொன்னவளும் வலது பக்கம்தான் நின்றாள். குறை சொல்ல முடியாது, அவளுக்கும் பிள்ளைகள் உண்டு. ஆனால் அதற்குள் தையல்காரரின் இடது கை விரல்களே மங்கத் தொடங்கியிருந்தன. சுண்டு விரல் வழியாகப் படுக்கை விரிப்பின் கட்டம் தெரிந்தது.

மனைவி எழுந்தாள். மகள் குறுக்கே விழுந்து மறித்தாள்: "நீ வேணாம்மா, நான் போறேன்."

"போடி. கல்யாணம் ஆனதுலேர்ந்து இந்த மனுஷன் கண்ணுக்கு நான் எங்க தெரிஞ்சேன்? எனக்குப் பழக்கம்தான்."

வாய்தான் அப்படிப் பேசியது. கட்டில் சட்டத்தை விடாமல் பிடித்துக்கொண்டுதான் நடந்தாள். கட்டிலைச் சுற்றிப் போய் முக்காலியில் உட்கார்ந்து, அந்தக் கையை இறுக்கிப் பிடித்தாள். முதலில் முந்தானை மறைந்தது, பிறகு தோள், பிறகு முகம். மகள் வீறிட்டாள். குரல் மட்டும் கேட்டது: "ஏங்க, இந்தப் பக்கம் பாருங்க."

அவர் மகளைப் பார்த்துக் கேட்டார்: "அம்மா எங்க?"

"உங்களுக்கு இடது பக்கம்பா! திரும்புங்கப்பா!"

"திரும்பித்தானே இருக்கேன்?"

குரல் தேய்ந்து, பக்கத்துத் தெருவிலிருந்து வருவது போல் ஆயிற்று. "என்னங்க, எனக்குப் பயமா இருக்குங்க."

இத்தனை வருஷத்தில் அவள் அவரிடம் சொல்லாத வார்த்தை அது. தையல்காரர் வலது கையால் தன் தாடையைப் பற்றி, இறுகிப்போன இழுப்பறையைத் தள்ளுவது போல் முகத்தை இடப்பக்கம் தள்ளினார். கழுத்து நரம்பு புடைத்தது, கண்ணீர் வழிந்தது. முதலில் முக்காலியின் கால் தெரிந்தது, அப்புறம் அவள் முழங்கால், அப்புறம் வியர்வையில் நனைந்து அவளே. அவள் பிடியில் அவருடைய ஐந்து விரலும் இருந்தன.

அன்றிலிருந்து காலையும் மாலையும் அவள் அங்கே போய் உட்காருகிறாள், மறைகிறாள், அவர் திரும்பிக் கொண்டுவருகிறார். அவர் களைத்திருக்கும் நாட்களில் நேரமாகிறது. அப்போது கை சில்லிட்டு வருகிறவள் நேரே சமையலறைக்குப் போய் அடுப்பருகே குளிர் காய்கிறாள். அங்கே என்ன இருக்கிறது என்று மகள் ஒரு தடவை கேட்டாள், அப்புறம் கேட்கவில்லை. சட்டை அளவு கொடுக்க வருகிறவர்கள், "வீட்ல அம்மா இல்லையா?" என்று விசாரித்தால், தையல்காரர் பதறாமல் தாடையைப் பிடித்துக்கொள்கிறார்.

"இருக்கா, இருக்கா. கொஞ்சம் பொறுங்க, பாத்துடறேன்."

வந்தவர்கள் உட்கார்ந்து காத்திருக்கிறார்கள்.