ஏ டிரைவில் சாமிக்கண்ணு மகன்

ரத்தப் பரிசோதனைக் கூடத்திலிருந்து பவானேஸ்வரி போன் செய்தபோது விஜயராணி உடனே எடுக்கவில்லை. அங்கிருந்து போன் வந்தாலே இப்போதெல்லாம் அப்படித்தான். போன வாரம்தான் சித்தப்பாவின் ரத்தப் பிரிவு பி என்று அங்கிருந்து தாள் வந்தது. சிறுநீரகம் பழுதாகிக் கிடக்கும் அப்பாவுடையது ஓ. பி ரத்தக்காரரின் சிறுநீரகம் ஓ ரத்தக்காரருக்குச் சேராது என்று கோலாலம்பூர் டாக்டர் ஒரே பேச்சில் முடித்துவிட்டார். அம்மாவுக்கு ரத்தக் கொதிப்பு. விஜயராணி தானே கொடுக்கலாமென்று போய், தனக்கும் சர்க்கரை இருப்பதைத் தெரிந்துகொண்டு வந்ததுதான் மிச்சம். அப்பா தங்கராஜுவுக்குச் சித்தப்பாவை விட்டால் வேறு ஆள் கிடையாது.

"ராணி, உங்க கம்ப்யூட்டர் மறுபடி கத்துதுலா," என்றாள் பவானேஸ்வரி. "நேத்து டிஸ்க்க வெளிய எடுத்துட்டேன். இன்னிக்குக் காலையிலேருந்து ஒரே கர்ர் கர்ர்."

"எந்த டிஸ்க்குக்கா?"

"ஏ டிரைவுல, அதான் பிளாப்பி போடற வாயில, ஒன்னு சொருகி வச்சிருந்தேனே. நீ வா, சொல்றேன்."

விஜயராணியின் கம்பெனி குருபோங்கில், ஒரு டயர் கடைக்கு மேல்மாடியில் இருந்தது. முதலாளி கோகுலராஜையும் சேர்த்து நான்கே பேர். தொண்ணூற்றெட்டில், பண நெருக்கடியில் ஊரெல்லாம் கடையைச் சாத்திக்கொண்டிருந்தபோது அவர்கள் பிழைத்துக் கிடந்தது ஒரே ஒரு சரக்கினால்தான். யூனிக்ஸ் கம்ப்யூட்டருக்காக எழுதிய பழைய நிரல்களை விண்டோஸ் என்டியின் மேல் ஓடவைக்கும் இடைநிலை மென்பொருள் அது. பழைய நிரல் யூனிக்ஸ் பாஷையில் ஒன்றைக் கேட்கும். இது அதை என்டி பாஷைக்கு மாற்றிச் சொல்லி, பதிலை வாங்கித் திருப்பிக் கொடுக்கும். அதனால் ஆபீசில் அதற்குத் துபாஷி என்று பெயர். அந்தக் காலத்துத் துபாஷிகளைப்போலவே இதுவும் சில சமயம் கேட்டது ஒன்று, சொன்னது ஒன்று என்று காரியம் பண்ணிவிடும். அப்போதெல்லாம் அதன் குடலைக் கிளறிப் பார்ப்பது விஜயராணியின் வேலை.

"டிரைவ் ரோசாக் ஆயிருக்கும்லா," என்றார் கோகுலராஜ், நிமிர்ந்துகூடப் பார்க்காமல். "புதுசு ஒன்ன எடுத்துட்டுப் போயி மாத்திட்டு வந்துரு."

அவர் சொன்னது உண்மையாக இருக்கவேண்டுமே என்று கஞ்சில் காரை ஓட்டிக்கொண்டு போகும் வழியெல்லாம் வேண்டிக்கொண்டாள். டிரைவ் கெட்டுப்போனால் யாரையும் குற்றம் சொல்ல முடியாது. துபாஷி கெட்டுப்போனால் அது அவள் கை வைத்த இடமாகத்தான் இருக்கும்.

பவானேஸ்வரி அந்தப் பரிசோதனைக் கூடத்தின் முன்மேசையில் உட்கார்ந்து பல வருஷமாக ஊர் ரத்தத்தையெல்லாம் பெயர் சொல்லிப் பதிந்துகொண்டிருப்பவள். போன மாதம் பழைய யூனிக்ஸ் பெட்டியைத் தூக்கிவிட்டு என்டியையும் துபாஷியையும் வைத்த நாளிலிருந்தே அவளுக்கு அதன்மேல் கடுப்பு.

"திடீர்னு ஏ டிரைவுல டிஸ்க் இல்லன்னு ஸ்கிரீன்ல ஒரு டப்பா வந்து நிக்கும். பட்டன அமுக்குனாத்தான் நகரும். ஆளுங்க வரிசையில நிக்கறாங்க, இது வேற வம்பு புடிச்சா? ஒரு காலி டிஸ்க்க எடுத்து அதோட வாயில திணிச்சேன். கப்சிப்னு ஆயிருச்சு. நேத்து எங்க லேப் டாக்டரு எதுக்கோ டிஸ்க் கேட்டாரா, அத எடுத்துக் காட்டுனேன், வேணாம்னுட்டாரு. திரும்ப வைக்க மறந்துட்டேன்."

"எவ்வளோ நாளா திணிச்சு வச்சிருந்தீங்க?"

"வந்த ரெண்டாம் நாளே வச்சிட்டேன்லா."

விஜயராணி பையிலிருந்த புது டிரைவை வெளியே எடுக்கவில்லை. கெட்டுப்போன டிரைவ் டிஸ்க்கை வைத்ததும் வாயை மூடிக்கொள்ளாது. யாரோ அதில் எழுதப் போகிறார்கள், எழுத முடிந்ததும் அமைதியாகிவிடுகிறார்கள். யார் எழுதுகிறார்கள், எதை எழுதுகிறார்கள் என்று பார்த்தாக வேண்டும்.

"நீங்க பாட்டுக்கு ஆளுங்கள பதிங்கக்கா. நான் சும்மா பாக்கறேன்."

ஆமினா பிந்தி யூசோப். சத்தமில்லை. லிம் சியூ ஹோங். சத்தமில்லை. பெரியநாயகி ஏ/பி இருளாண்டி என்று தட்டியதும் டிரைவின் பச்சை விளக்கு எரிந்தது, கர்ர் என்றது, டப்பா வந்து நின்றது. அடுத்து ஒரு மலாய்க்காரப் பெரியவர் வந்தார், ஒன்றும் நடக்கவில்லை. அவருக்குப் பின்னால் நின்ற சாமிநாதன் ஏ/எல் வேலாயுதத்துக்கு மறுபடியும் கர்ர்.

"நம்ம ஆளுங்க வந்தா மட்டும் கத்துதுக்கா," என்றாள் விஜயராணி.

பவானேஸ்வரி யோசித்துப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். "அட, ஆமாலா. மெஷினுக்குக்கூட நம்மளப் புடிக்கல பாரு."

விஜயராணிக்குச் சிரிப்பு வரவில்லை. மலேசியாவில் தமிழர் பெயருக்கும் அப்பா பெயருக்கும் நடுவே ஒரு சாய்கோடு உண்டு. அனாக் லெலாக்கி, அதாவது மகன் என்பதைச் சுருக்கி ஏ/எல். அனாக் பெரம்புவான், அதாவது மகள் என்பதற்கு ஏ/பி. பிறந்த பத்திரத்திலிருந்து சாவுப் பத்திரம் வரைக்கும் கூடவே வரும். பழைய நிரல் ஒவ்வொரு ஆளுக்கும் அவர் பெயரிலேயே ஒரு கோப்பு திறந்து, அதில் பரிசோதனை முடிவை எழுதும். யூனிக்ஸுக்குச் சாய்கோடு என்றால் 'இதற்குள்ளே அது' என்று அர்த்தம். ஆகவே ஏ வரைக்கும் ஒரு அடுக்கு, எல்லிலிருந்து அதற்குள்ளே ஒரு கோப்பு என்று ஒரு மாதிரியாகச் சமாளித்துக்கொண்டு வருஷக்கணக்காக ஓடியது.

துபாஷிக்கு இன்னொரு விதி இருந்தது. யூனிக்ஸில் டிரைவ் என்ற பேச்சே கிடையாது, விண்டோஸில் உண்டு. அதனால் சாய்கோட்டுக்கு முன்னால் ஒரே ஒரு எழுத்து தனியாக நின்றால் அதை டிரைவின் பெயராக எடுத்துக்கொள், முன்னால் இருப்பதை விட்டுவிடு என்று சொல்லிவைத்திருந்தார்கள். சி என்றால் ஹார்ட் டிஸ்க். ஏ என்றால் பிளாப்பி. அந்த விதியை எழுதியவள் விஜயராணி ஏ/பி தங்கராஜு. எழுதிவிட்டு அலி, ஆ சோங், முத்து என்று மூன்று பெயர் போட்டுச் சோதித்தும் பார்த்தாள். முத்துவுக்கு அப்பா பெயர் போட அவளுக்குத் தோன்றவில்லை.

"அந்த டிஸ்க்கக் கொடுங்கக்கா," என்றாள்.

டிஸ்க்கில் கோப்புகள் வரிசையாக இருந்தன. எல் வீரையா. எல் முனியன். பி இருளாண்டி. ஒருவருக்கும் சொந்தப் பெயர் இல்லை. எல்லோரும் வெறும் மகன், வெறும் மகள். ஒரே அப்பா பெயருள்ள இரண்டு பேர் ஒரே நாளில் வந்தால், முன்னால் வந்தவரின் முடிவை அழித்துவிட்டுப் பின்னால் வந்தவருடையது உட்கார்ந்துகொள்ளும். சாயங்காலம் தாளை அச்சடிக்கும்போது பெயர் சரியாக வரும், ரத்தம் வேறு ஆளுடையதாக இருக்கும். நடுவில் எல் சாமிக்கண்ணு என்று ஒன்று இருந்தது.

சித்தப்பாவின் பெயர் கணேசமூர்த்தி ஏ/எல் சாமிக்கண்ணு.

"அக்கா, எங்க சித்தப்பா ரத்தம் கொடுத்த அன்னிக்கு, அவரத் தவிர வேற சாமிக்கண்ணு மகன் யாராச்சும் வந்தாங்களா?"

"வந்தாரே. வீரப்பன்னு ஒரு லாரிக்காரரு. ஆளு மலை மாதிரி இருந்தாரு, ஊசியப் பாத்ததும் மயங்கிட்டாரு. மைலோ கலக்கிக் கொடுத்து எழுப்பினேன். கணேசமூர்த்தி உங்களுக்குச் சொந்தமான்னுகூடக் கேட்டேன், இல்லன்னுட்டாரு." பவானேஸ்வரி பேச்சை நிறுத்தி அவள் முகத்தைப் பார்த்தாள். "ஏன் ராணி?"

விஜயராணி சொன்னாள். பவானேஸ்வரி மேசையில் இருந்த எல்லாவற்றையும் விட்டுவிட்டு எழுந்தாள்.

சித்தப்பாவின் ரத்தம் இன்னும் குளிர்பெட்டியில் இருந்தது. அதை எடுத்து, கம்ப்யூட்டர் பக்கமே போகாமல் கையால் பார்க்கச் சொன்னார்கள். புவனேந்திரன் என்ற டெக்னீஷியன் வெள்ளைப் பீங்கான் ஓட்டில் இரண்டு இடத்தில் சொட்டு வைத்தான், மருந்து விட்டான், குச்சியால் கலக்கினான். அவன் அவசரமே படவில்லை. பி என்றால் ஒரு சொட்டு திரிந்து கட்டி கட்டியாகும், ஓ என்றால் இரண்டும் அப்படியே கிடக்கும் என்றான். விஜயராணி பார்க்கவும் பயந்தாள், பார்க்காமல் இருக்கவும் பயந்தாள். ஓவாக இருக்கட்டும் என்று மனசு கெஞ்சியது. ஓவாக இருந்தால் இந்த ஒரு மாதத்தில் இன்னும் எத்தனை பேர் தாள் தப்பு என்று அதே மனசு கேட்டது.

இரண்டு சொட்டும் அப்படியே கிடந்தன.

"ஓதான்," என்றான் புவனேந்திரன். "சந்தேகமே இல்ல."

அவள் சுவரில் சாய்ந்துகொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து கோகுலராஜுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னாள்.

"யாருக்கும் சொல்லாத," என்றார் அவர். "சரி பண்ணிட்டு, அந்த டிஸ்க்கக் கையோட எடுத்துட்டு வந்துரு. மத்தத நான் பாத்துக்கறேன்."

"டிஸ்க் இங்கதான் இருக்கும் பாஸ். டாக்டருகிட்ட சொல்லிட்டேன்."

அது பொய். போனை வைத்துவிட்டு நேரே போய் அதை உண்மையாக்கினாள். வேலை போனால் போகட்டும் என்று தைரியமாகவெல்லாம் நினைக்கவில்லை. டாக்டர் அறைக்குள் போய் டிஸ்க்கை மேசைமேல் வைத்து நடந்ததைச் சொன்னாள். அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தாள். அவர் கத்தவில்லை, கம்ப்யூட்டரை நிறுத்தச் சொல்லிவிட்டு, ஒரு மாதமாக வந்த தமிழர் எல்லோரையும் திரும்பக் கூப்பிடச் சொன்னார். அந்த பி அவருடையதுதானா என்று பார்க்க முதலில் வீரப்பனைக் கூப்பிடுங்கள் என்றார்.

விதியைத் திருத்துவது சுலபமாக இருந்தது. கோப்புப் பெயரின் தொடக்கத்தில் நிற்கும் ஒற்றை எழுத்து மட்டுமே டிரைவ், நடுவில் நின்றால் அது வெறும் எழுத்து. திருத்திவிட்டு இந்தத் தடவை வீட்டிலுள்ள எல்லோருடைய பெயரையும் அப்பா பெயரோடு தட்டிப் பார்த்தாள். டிரைவ் வாய் திறக்கவில்லை. இவ்வளவு சின்னத் திருத்தமா என்று அவளுக்குத் தன்மேலேயே ஆத்திரம் வந்தது.

சித்தப்பா வீட்டுக்கு, செர்காமுக்குப் போய்ச் சேர்ந்தபோது வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. எஸ்டேட்டை விட்டு வந்தபிறகு சித்தப்பாவுக்கு அங்கே ஐஸ் ஃபேக்டரியில் வேலை. அப்போதுதான் திரும்பி வந்து பனியனோடு உட்கார்ந்திருந்தார். சித்தி பாக்கியலட்சுமி மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். விஜயராணி வாசலில் நின்றபடியே சொன்னாள்.

"கம்ப்யூட்டர் தப்பு பண்ணிருச்சு சித்தப்பா. அது வேற ஒருத்தரோட ரத்தம். நீங்க ஓ. அப்பாவுக்குச் சேரும்."

வழியெல்லாம் இந்த இடத்தை மனசுக்குள் ஓட்டிப் பார்த்திருந்தாள். சித்தப்பா எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொள்வார் என்று நினைத்திருந்தாள். அவர் எழவில்லை. சித்தியின் கையில் கத்தி அசையாமல் நின்றது.

"அப்ப மறுபடியும் மொதல்லேருந்தா?" என்றாள் சித்தி.

"சித்தி..."

"போன வாரம் பின்னு சொன்னது உங்க மெஷினு. இன்னிக்கு ஓன்னு சொல்ற. நாளைக்கு இவர அறுத்து எடுத்தப்புறம் இல்ல, பிதான்னு வந்து நிப்பியா?"

"இது மெஷின் இல்ல சித்தி. கையால பாத்தாங்க. என் கண்ணு முன்னாடி."

"உங்கப்பாவுக்காகப் பாக்கற கண்ணு," என்றாள் சித்தி. சத்தமாகச் சொல்லவில்லை.

விஜயராணி அந்த இரண்டு சொட்டையும் எப்படிப் பார்த்தாள் என்பது அவளுக்கே தெரியும். "வேற எடத்துல போயி மறுபடி குடுத்துப் பாருங்க சித்தப்பா," என்றாள். "குடுத்துத்தான் ஆகணும்னு நான் சொல்ல வரல. சேரும்னு மட்டும்தான் சொல்ல வந்தேன்."

கணேசமூர்த்தி தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "அண்ணன்கிட்ட சொல்லிட்டியா?"

"இன்னும் இல்ல."

"சொல்லாத. நான் வந்து சொல்றேன்." எழுந்து கொடியிலிருந்த சட்டையை எடுத்துப் போட்டார். சித்தி மீன் சட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

கார்க் கதவைத் திறந்துவிட்டும் அவர் ஏறவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டே நின்றார். பொத்தான்களை மாற்றிப் போட்டிருந்தார்.

"சேராதுன்னு தாள் வந்த அன்னிக்கு நான் பாச்சாங்ல உங்க வீட்டுக்கு வந்திருந்தேன்ல?"

"ஆமா சித்தப்பா."

"உங்கப்பா தாளப் படிச்சிட்டு நிமிந்து என் மூஞ்சியப் பாத்தாரு. அப்ப, குடுக்க வேண்டியதில்லன்னு எனக்கு உள்ளுக்குள்ள அவ்வளோ சந்தோசம் ராணி. மறைக்க முடியல. அண்ணன் அதப் பாத்துட்டாரு."

விஜயராணி சாவியைப் போட்டும் வண்டியைக் கிளப்பவில்லை.

"பாத்துட்டு, 'தம்பி, சாப்புட்டுப் போ'ன்னாரு," என்றார் கணேசமூர்த்தி.