அருணகிரியின் மிக்சிங்

அருணகிரிக்குத் தன் காதின் மேல் இருந்த கர்வம் கொஞ்சநஞ்சமல்ல. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு ரோலிங் மில்லில் அவனுக்கு வேலை. பழுக்கக் காய்ந்த இரும்புக் கட்டைகள் உருளைகளுக்கு நடுவே புகுந்து கம்பியாக நீண்டு வரும் இடத்தில் கல்யாணத்துக்கு முன்பிருந்தே நின்றுகொண்டிருக்கிறான். அங்கே எழும் சத்தத்தில் பக்கத்தில் இருப்பவன் பேசுவதை வாயசைவில்தான் தெரிந்துகொள்ள வேண்டும். மற்றவர்கள் எண்ணெய் துடைக்கிற பனியன் வேஸ்ட்டைக் கிள்ளிக் காதில் அடைத்துக்கொள்வார்கள். அருணகிரி அடைக்க மாட்டான். காதை மூடிக்கொண்டால் மெஷின் என்ன சொல்கிறது என்று எப்படித் தெரியும் என்பான். மோட்டாரின் உறுமலை வைத்தே பேரிங் போகப் போகிறது என்று சொல்வான். சொன்னபடியே அது போய்த் தொலையும். கர்வம் வராமல் என்ன செய்யும்?

அப்பேர்ப்பட்ட காதை மில்லுக்கே தாரை வார்த்துவிட அவனுக்கு மனமில்லை. ரயிலடிக்கு மேற்கே, இரண்டே அறை உள்ள வாடகை வீட்டில், உள்ளறையை ஸ்டுடியோ என்று பெயர் சொல்லி வைத்திருந்தான். சுவரோடு சாய்த்து நிறுத்திய மெத்தைகள், ஜன்னலில் சாக்கு, பழைய கம்ப்யூட்டர் ஒன்று, எம்ப்ராய்டரி வளையத்தில் காலுறையை இழுத்துக் கட்டி அதன் பின்னால் தொங்கவிட்ட மைக். பதிவு நடக்கும்போது ஃபேனை நிறுத்த வேண்டும். ஹைவேயில் லாரி ஹாரன் அடிக்கக் கூடாது, எலக்ட்ரிக் ட்ரெயின் வரக் கூடாது, கரண்ட் போகக் கூடாது. இந்த மூன்று தொல்லையும் இல்லாமல் அமையும் நேரத்தில் அவன் மனைவி சாராள் வேர்க்க விறுவிறுக்கப் பாடுவாள்.

சாராளுக்குக் குரல் நல்ல குரல். சர்ச் கொயரில் பாடிப் பழகியவள். ஆனால் பாடியதெல்லாம் அம்மன் பாட்டு, ஐயப்பன் பாட்டு, நடுவே ஒரு தர்கா பாட்டு. சிடி அட்டையில் மட்டும் அவள் பெயர் சாரதா என்று மாறிவிடும். சாமிகளுக்குள் சண்டை வந்தால் நான் பொறுப்பில்லை என்று அவளே சிரித்துக்கொள்வாள்.

கீபோர்டு வாசிக்க கமால் வருவான். பழவேற்காட்டுப் பையன், குடும்பம் முழுக்க வியாபாரம், இவன் மட்டும் பொன்னேரி பஜாரில் ரீசார்ஜ் கடை போட்டுக்கொண்டு பாட்டு பாட்டு என்று அலைந்தவன். அருணகிரியிடம் சிடி எழுதும் கருவி கிடையாது. குரலையும் வாத்தியங்களையும் கலந்து முடித்துக் கொடுத்தால் கமால் பென் டிரைவில் எடுத்துப்போய்க் கடையில் வைத்து சிடி போட்டுக் கொண்டு வருவான். அப்படிப் போன சிடிக்களை ஊத்துக்கோட்டை வரைக்கும் திருவிழாக்களில் போட்டார்கள். குரல் தேனாட்டம் இருக்குது, யார் மிக்சிங் என்று கேட்டவர்கள் உண்டு. அப்படிக் கேட்டவர்களின் பெயரையெல்லாம் அருணகிரி மனப்பாடமாகச் சொல்வான்.

அந்தப் பேச்சைக் கேட்டுத்தான் துளசிராமன் அவனைத் தேடி வந்தார். பக்திப் பாட்டு சிடிக்களைப் போட்டு வடக்கே நெல்லூர் வரைக்கும் அனுப்புகிற மொத்த வியாபாரி. ஆடி மாதத்துக்கு ஓர் அம்மன் ஆல்பம் வேண்டும், அது நன்றாக வந்துவிட்டால் இனிமேல் தன்னுடைய ரிக்கார்டிங் வேலை முழுவதும் இந்த வீட்டுக்குத்தான் என்று வாக்குக் கொடுத்தார். அருணகிரிக்குத் தலைகால் புரியவில்லை. ஆடி பிறந்ததும் மில்லுக்கு முழுக்குப் போட்டுவிட்டு ரிக்கார்டிங்கையே தொழிலாக வைத்துக்கொள்வதென்று அன்றைக்கே முடிவு செய்தான். சாராளுக்கோ வேறு கனவு. இந்த ஆல்பத்தின் அட்டையில் அவள் போட்டோவைப் போடுவதாகத் துளசிராமன் சொல்லியிருந்தார்.

அந்த நேரம் பார்த்துக் கமாலுக்கு ஷார்ஜாவில் வேலை கிடைத்தது. கீபோர்டை மட்டும் வாசித்து, பதிவு செய்து கொடுத்துவிட்டு விமானம் ஏறினான். போகும்போது ஏதோ சொல்ல வந்தான். மிக்சிங் முடிந்ததும் வேறு யாராவது ஒருத்தரைக் கேட்கச் சொல், புதுக் காதாக இருந்தால் நல்லது என்று மட்டும் இழுத்தான். தம்பிக்குப் பிரிய மனமில்லை என்று அருணகிரி நினைத்துக்கொண்டான். சிடி எழுதும் கருவி ஒன்றைத் தானே வாங்கிப் பொருத்தினான்.

ஆலைகளுக்கு மட்டும் கரண்டை நிறுத்தி, மில்லுக்கு விடுமுறை விட்ட காலம் அது. விடுமுறை நாளெல்லாம் கம்ப்யூட்டர் முன்னால்தான். தவில், உடுக்கை, அடித்தொண்டைக் கோரஸ் எல்லாம் அவனுக்குக் கணீரென்று கேட்டன. சாராளின் குரல் மட்டும் கம்பளிக்குள்ளிருந்து வருவதுபோல் இருந்தது. ட்ரெபிளைக் கொஞ்சம் ஏற்றினான். கூர்மையான சத்தங்களைக் கூட்டிக் குறைக்கிற இடம் அது. இன்னும் கொஞ்சம் ஏற்றினான். கம்பளி விலகி அவள் வாய் தெரிவதுபோல் ஒரு தெளிவு வந்தது. சூலம், சுடர், சுந்தரி என்று துளசிராமன் எழுதி வாங்கிக் கொடுத்த பாட்டு முழுக்கச் சகரமாக இருந்தது. அந்த எழுத்துகள் பளிச்சென்று விழும் வரை ஏற்றிக்கொண்டே போனான். அவனுக்கு அது பெருமையாக இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

சாராள் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்துக் கொஞ்சம் குத்துகிற மாதிரி இருக்கிறதே என்றாள். பாடுகிறவளுக்குப் பாடத்தான் தெரியும், கலக்குவது வேறு வித்தை என்று அவன் எரிந்து விழுந்தான். அவள் சமையலுக்கே திரும்பிவிட்டாள். அந்த வீட்டில் டிவியே தெருக்கோடி வரை கேட்கும். மில்லுக்காரர்கள் இருக்கிற தெரு முழுக்கவே அப்படித்தான். மில் கேட் டீக்கடையில் அவர்கள் குசலம் விசாரித்தால் வெளியூர்க்காரன் அடிதடி என்று ஒதுங்கிப் போவான். எல்லோருக்கும் ஒரே மாதிரி இருந்தபோது யாருக்கும் அது குறையாகத் தெரியவில்லை. அவளும் எத்தனையோ வருஷமாக அவனிடம் ஒவ்வொன்றையும் இரண்டு தரம் சொல்லிப் பழகியிருந்தாள். கவனமில்லாத மனுஷன் என்றுதான் நினைத்திருந்தாள்.

துளசிராமன் கடையில் சிடியைப் போட்டார்கள். உடுக்கை அதிர்ந்ததும் அவர் தலையை ஆட்டினார். சாராள் குரல் எடுத்ததும் ஆட்டம் நின்றது. முதல் சூலத்திலேயே கல்லாவில் இருந்த பெண் காதைப் பொத்திக்கொண்டாள். சிடி வாங்க வந்த ஒருவர் வாசலிலேயே நின்று, ஸ்பீக்கர் கிழிந்துவிட்டதா என்று கேட்டார். துளசிராமன் நல்ல மனிதர். மெஷினை அணைத்துவிட்டு டீ சொல்லிவிட்டுத்தான் பேச ஆரம்பித்தார். குரலுக்கு ஒரு குறையும் இல்லை, கலவைதான் காதில் ஊசி குத்துகிறது, குரல், வாத்தியம் என்று பதிவு செய்ததைத் தனித்தனியாகக் கொடுத்தால் சென்னையில் ஒருத்தரிடம் கொடுத்துக் கலக்கிக்கொள்கிறேன், அம்மா போட்டோவும் அட்டையில் வரும் என்றார்.

இந்த இடத்தில் அருணகிரி சரி என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் சாராளுக்காவது ஒரு வழி பிறந்திருக்கும். பாழாய்ப்போன கர்வம் விடவில்லை. உங்க ஸ்பீக்கர் மட்டம், உங்க காதும் மட்டம் என்று ஆகாயத்துக்கும் பூமிக்கும் குதித்தான்.

"என் மிக்சிங் இல்லன்னா அவ பாட்டும் இல்ல" என்றான் கடைசியில்.

"உன் இஷ்டம் நைனா. ஆடி எனுக்காக நின்னுக்கினு இருக்காது" என்றார் துளசிராமன்.

வீட்டுக்கு வந்து, அந்த ஆளுக்கு ரசனை இல்லை என்று சொன்னான். அட்டைப் போட்டோவுக்கென்று எடுத்து வைத்திருந்த புடவையைச் சாராள் மடித்துப் பெட்டியின் அடியில் வைத்துவிட்டாள். ஆடி வந்தது. அதே பாட்டுகள், அதே மெட்டு, வேறு யாரோ ஒரு பெண்ணின் குரலில் ஒவ்வொரு கூழ் ஊற்றும் பந்தலிலும் ஒலித்தன. தண்ணீர்க் குழாய்க்குப் போகும்போதும் வரும்போதும் சாராள் அதைக் கேட்டாள். சில இடங்களில் அவளையறியாமல் உதடு கூடவே பாடும். அதை ஒருநாள் பார்த்துவிட்ட அருணகிரி அந்தத் தெரு வழியாகப் போவதையே விட்டுவிட்டான்.

தங்கை ஜபீன் கல்யாணத்துக்குக் கமால் ஊருக்கு வந்தான். பத்திரிகை வைக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்தவனை அருணகிரி உட்காரக்கூட விடவில்லை. நியாயம் கேட்கிற ஆவேசத்தோடு உள்ளறைக்கு இழுத்துப்போய்ப் பாட்டைப் போட்டான். உனக்குத்தான் என் மிக்சிங் தெரியும், நீயே சொல் என்றான்.

கமாலின் தோள் தானாக உயர்ந்து காதைத் தொட்டது. பாதியிலேயே எழுந்து நிறுத்தினான். சாராள் கொண்டு வந்த டீயையும் வாங்காமல் பேசினான்.

"அண்ணே, கோச்சிக்காத. நீ குடுத்தத நான் ஒரு தபாகூட அப்டியே சிடி போட்டதில்ல. கடைக்கு எடுத்துனு போயி ட்ரெபிள எறக்கிட்டுத்தான் போடுவேன். மொத பாட்டுலர்ந்தே அப்டித்தான்."

அருணகிரிக்கு முதலில் விளங்கவில்லை. கமால் இன்னொரு தரம், உரக்கச் சொன்னான். வருஷத்துக்கு வருஷம் இறக்க வேண்டிய அளவு கூடிக்கொண்டே போனதாம். மில்லில் வேலை செய்கிற எல்லோருக்கும் அப்படித்தான் ஆகும், கனத்த சத்தம் நிற்கும், கூர்மையான சத்தம்தான் முதலில் போகும் என்று ஷார்ஜாவில் ஒரு டாக்டர் சொன்னாராம். போனது திரும்பி வராதாம்.

"ஏன்டா சொல்லல?"

"எப்டிண்ணே சொல்றது? நீ வேற எதுலயும் அவ்ளோ சந்தோசமா இருந்து நான் பாத்ததில்ல."

தேனாட்டம் என்று ஊர் சொன்னதெல்லாம் இவன் கைவேலை. திருவிழாவில் அவள் குரல் மங்கலாகக் கேட்டபோதெல்லாம் ஸ்பீக்கரைத்தான் அருணகிரி குறை சொல்லியிருந்தான். மனப்பாடமாக வைத்திருந்த பெயர்களில் ஒன்றுகூட அருணகிரிக்குச் சொந்தமில்லை. கோபம் வர வேண்டிய இடத்தில் அவனுக்கு வெட்கம்தான் வந்தது. அதை மறைக்க, சரி, நீ எப்படிச் செய்வாய் என்று காட்டு என்று நாற்காலியை விட்டு எழுந்தான்.

கமால் உட்கார்ந்து மவுஸை நகர்த்தினான். அதிக நேரம் பிடிக்கவில்லை. பாட்டு மறுபடி எழுந்தது. சாராள் கதவுநிலையில் சாய்ந்து நின்றவள் நிமிர்ந்தாள். கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தாள். இரண்டாவது அடி வருவதற்குள் அவள் கண் நிறைந்துவிட்டது. ஆல்பத்துக்காகப் பாடியதை உள்ளபடி அவளே அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேட்கிறாள்.

"இதுதாங்க என் குரலு" என்றாள்.

அருணகிரி ஸ்பீக்கரின் மேலேயே குனிந்தான். உடுக்கை கேட்டது, தவில் கேட்டது. அவற்றுக்குப் பின்னால் கம்பளிக்குள் எதுவோ முனகியது. சூலமும் இல்லை, சுடரும் இல்லை. ஹெட்ஃபோனை மாட்டி இரண்டு கையாலும் அழுத்திப் பார்த்தான். அதே முனகல்தான். அவளை நேராகப் பாடச் சொன்னான். சாராள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவன் முகத்துக்கு முன்னால் நின்று அதே அடியைப் பாடினாள். அவன் கண் அவள் உதட்டின் மேலேயே இருந்தது. பாட்டு விளங்கியது. அப்புறம் கண்ணை இறுக மூடிக்கொண்டு இன்னொரு தரம் பாடச் சொன்னான். அவள் பாடினாள். மூடிய கண்ணைத் திறக்க அவனுக்கு வெகுநேரம் ஆயிற்று.

இத்தனை வருஷம் ஒரே வீட்டில் இருந்து கேட்ட குரல். அது எப்போது தன்னை விட்டுப் போனது என்றுகூட அவனுக்குத் தெரியவில்லை. நாளைக்குக் காலையில் ஷிஃப்டுக்குப் போக வேண்டும், மிச்சமிருப்பதும் அங்கேதான் போகப் போகிறது. வேறு வேலைக்கு எங்கே போவான்?

"பழையபடி வை கமால்" என்றான்.

"வாணாம்ணே. நல்லாவா இருக்கும்?"

"வை. அதுலதான் எனுக்கு அவ குரல் கேக்குது."

கமால் சாராளைப் பார்த்தான். அவள் தலையசைத்தாள். ட்ரெபிள் பழைய இடத்துக்கு ஏறியது. பாட்டு தொடங்கியதும் அருணகிரியின் முகம் தெளிந்தது. முதல் சூலம் விழுந்தபோது சாராள் பல்லைக் கடித்துக்கொண்டு அவன் பக்கத்திலேயே நின்றாள். அந்த அடி முடியும் வரை நின்று பார்த்தாள். அதற்குமேல் அவளால் முடியவில்லை. காதைப் பொத்திக்கொண்டு கமாலோடு வாசலுக்கு வந்து, கதவை இழுத்துச் சாத்தினாள். உள்ளே அருணகிரி தன் மனைவி பாடுவதைத் தனியாக உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தான்.