பார்க்க மட்டும்

சுவரில் இருந்த பெரிய திரையில் இருநூற்றுப் பதினான்கு புள்ளிகள். தையல் ஆலையின் கம்ப்யூட்டர், கேமரா, கதவு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி. ஒழுங்காக ஓடினால் பச்சை, கோளாறென்றால் சிவப்பு. நாள் முழுக்க அதைக் கண்காணிப்பது அவள் வேலை. யார் போன் செய்தாலும் "எல்லாம் பச்சை சார்" என்று சொல்லிச் சொல்லி, அவளுக்குப் பச்சை என்றே பெயர் விழுந்துவிட்டது. மூன்று வருஷமாக ஒப்பந்த வேலை. அடுத்த மாதம் நிரந்தரம் என்று வாய்வார்த்தை. அவளுக்குக் கொடுத்திருந்த அனுமதி பார்க்க மட்டும். எதையும் தொடக் கூடாது.

காலை எட்டு இருபதுக்கு வாசலில் இருந்த கைரேகை மிஷின் சிவப்பானது. உடனே காவலாளி அண்ணன் அழைத்தார்.

"பச்சை, மிஷின் ரேகையே எடுக்க மாட்டேங்குது. நாப்பது பேர் வெளிய நிக்கிறாங்க. எட்டரை தாண்டினா அரைநாள் சம்பளம் போச்சும்மா."

"தெரியுதுண்ணே. பார்த்துக்கிட்டுதான் இருக்கேன்."

அந்த மிஷினை இணைக்கும் வாசல் நெட்வொர்க் பெட்டியை இங்கிருந்தே ஒருமுறை அணைத்துப் போட்டால் போதும், சரியாகிவிடும். அதற்கு அனுமதி கேட்டு எழுதினால் பதில் வர மூன்று நாள். அதனால் சூப்பர்வைசர் தன் பாஸ்வேர்டையே அவளிடம் சொல்லி வைத்திருந்தார். அவள் போனில் "போடட்டுமா சார்" என்பாள். அவர் "போடு" என்பார். ஆறு மாதமாக ஆலை இப்படித்தான் ஓடியது.

இன்று மூன்று தடவை அழைத்தும் அவர் எடுக்கவில்லை. கேமராவில், நிறைமாத வயிற்றோடு ஒருத்தி கேட்டில் சாய்ந்து நின்றாள். பச்சை மணியைப் பார்த்தாள். வருவது வரட்டும் என்று அவர் பாஸ்வேர்டைப் போட்டு, பெட்டியை அணைத்துப் போட்டாள். இரண்டே நிமிடம், புள்ளி பச்சையானது. எட்டரைக்குள் எல்லாரும் உள்ளே போய்விட்டார்கள்.

வாசல் கேமராக்களும் அதே பெட்டியில்தான் இருந்தன. அந்த நேரம் நடந்த மீட்டிங்கில், முதலாளி பார்த்துக்கொண்டிருந்த கேமராத் திரை இருண்டபோது சூப்பர்வைசர் அவருக்கு எதிரிலேயே உட்கார்ந்திருந்தார். அணைத்தது யார் என்று பார்த்தால், பதிவில் அதே சூப்பர்வைசரின் பெயர்.

பதினொரு மணிக்கு அவர் வந்தார். உட்காரவில்லை.

"என் பாஸ்வேர்டு உனக்கு எப்படிம்மா தெரியும்?"

"நீங்கதானே சார் குடுத்தீங்க."

"எழுதிக் குடுத்தேனா?"

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்தார்.

"எனக்கும் குடும்பம் இருக்கும்மா. கார்டைக் கீழ குடுத்துட்டுக் கிளம்பு."

அவர் போனதும் கதவு தானே சாத்திக்கொண்டது. ஸ்வெட்டரையும் சாப்பாட்டு டப்பாவையும் எடுத்துக்கொண்டு கதவில் கார்டை வைத்தாள். சிவப்பு. துப்பட்டாவில் துடைத்து மறுபடி வைத்தாள். மறுபடி அதே சிவப்பு விளக்கு. அதற்குள் அவள் அனுமதியை எடுத்துவிட்டார்கள். அந்த அறையை விட்டு வெளியே போகவும் அதே கார்டுதான் வேண்டும்.

காவலாளிக்குப் போன் செய்தாள்.

"அண்ணே, என்னால வெளிய வர முடியல."

"ஏம்மா, கதவு ரிப்பேரா?"

திரும்பிச் சுவரைப் பார்த்தாள். கதவின் புள்ளியைத் தேடிக் கண்டுபிடித்தாள்.

"இல்லண்ணே," என்றாள். "எல்லாம் பச்சை."