ஒன்பதாயிரம் பேரில் ஒருத்தி

குலசேகரம் தினமும் காலை பத்து மணிக்கு மேல்மாடிச் சின்ன அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். மத்தியானச் சாப்பாட்டுக்குத்தான் இறங்கி வருவார். ரிட்டயர் ஆன மனிசன் கிரிக்கெட் பார்க்கிறார் என்று மனைவி கனகாம்பிகை நினைத்துக்கொண்டிருந்தாள். அவர் பார்த்துக்கொண்டிருந்தது அமெரிக்காவின் தெற்கே, அலபாமா மாநிலத்தின் நடுவில் கிடக்கும் லெட்பெற்றர் என்ற கவுண்டியை, ஒரு சின்ன மாவட்டத்தை.

அவர்களுடைய ஒரே மகள் சிவரூபினி அங்கேதான் இருந்தாள். லண்டனில் பிசியோதெரபிஸ்ட்டாக வேலை செய்துகொண்டிருந்த காலத்தில், இங்கே மேற்படிப்புக்கு வந்திருந்த டாரியஸைச் சந்தித்தாள். டாரியஸ் கறுப்பு அமெரிக்கன். லெட்பெற்றரில் பிறந்து வளர்ந்தவன். படித்து முடித்ததும் தன் ஊர்ப் பள்ளிக்கூடத்தில்தான் படிப்பிப்பேன் என்று நின்றவன். அவனைக் கலியாணம் செய்யப்போகிறேன் என்று மகள் ஒருநாள் சாப்பாட்டு மேசையில் சொன்னாள்.

குலசேகரம் சோற்றைப் பிசைந்தபடியே, "உன்ர விருப்பம்போலச் செய். என்னை ஒண்டும் கேக்காதை" என்றார்.

அவர் பதிவுத் திருமணத்துக்குப் போகவில்லை. கனகாம்பிகை நீலச் சேலை உடுத்து, தனியாக ரயிலேறிப் போய் வந்தாள். எப்படி நடந்தது என்று அவர் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. நாலு மாதம் கழித்து மகளும் மருமகனும் அமெரிக்காவுக்குப் போய்விட்டார்கள். இதெல்லாம் நடந்து மூன்று வருடமாகிறது.

அவருடைய கோபம் ஒரு வருடம்கூட நிற்கவில்லை. ஆனால் அது போன பிறகு வந்த வெட்கம் போகிறதாயில்லை. ஒரு போன் எடுத்து என்ன சொல்வது? எதிலிருந்து தொடங்குவது? ஞாயிற்றுக்கிழமைகளில் கனகாம்பிகை குசினிக்குள் நின்று மகளோடு கதைக்கும்போது, அவர் முன்னறையில் டிவியின் சத்தத்தைக் குறைத்துவிட்டு இருப்பார். "ஓம் பிள்ளை... ஓம்... அப்பா சுகமா இருக்கிறார்" என்பது மட்டும் காதில் விழும்.

கவுண்டியைத் தேடத் தொடங்கியது கோபமாக இருந்த காலத்தில்தான். லண்டனை விட்டுவிட்டுப் போகும் அளவுக்கு அங்கே அப்படி என்ன இருக்கிறது என்று பார்க்க நினைத்தார். முப்பத்தொரு வருடம் தபால் பிரிக்கும் வேலை செய்தவர். ஓர் இடத்தின் பெயரைக் கண்டால் அது எங்கே இருக்கிறது, அதற்கு எந்த வழியால் போக வேண்டும் என்று பார்க்காமல் அவரால் இருக்க ஏலாது.

சனத்தொகை ஒன்பதாயிரத்து நூற்று நாற்பத்திரண்டு என்று போட்டிருந்தது. லண்டனில் அவர்கள் இருந்த இல்ஃபர்ட்டில் நாலு தெருவில் இருக்கிற சனம் அங்கே ஒரு கவுண்டி முழுக்கப் பரந்து கிடந்தது. நூறு வருடத்துக்கு முன்னர் அங்கே இருபத்துநாலாயிரம் பேர் இருந்திருக்கிறார்கள். பருத்திச் செடியைப் பூச்சி தின்றது. கூலி இல்லாமல் போனது. கறுப்புச் சனம் குடும்பம் குடும்பமாக ரயிலேறி வடக்கே சிகாகோவுக்கும் டெட்ராயிட்டுக்கும் போய்விட்டது. ஒவ்வொரு குடிசன மதிப்பீட்டிலும் எண்ணிக்கை இறங்கிக்கொண்டே வந்ததை அவர் கொப்பியில் எழுதினார். சனம் ஓர் இடத்தை விட்டு வெளிக்கிடுவது எப்படி இருக்கும் என்று யுத்தத்துக்குத் தப்பி ஊரை விட்டு வந்த அவருக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

கரிய, பிசுபிசுத்த மண். மழை பெய்தால் காலை விடாது. மேற்கே ஓர் ஆறு, அதற்குள் போய் விழும் கார்வர் கிறீக் என்ற ஓடை. பருத்தி விளைந்த காணிகளில் இப்போது பைன் மரமும் மீன் வளர்க்கும் குளங்களும். நடுவில் ஆல்ஸ்டன் என்ற சின்ன நகரம், அதில் ஒரு கோர்ட் கட்டடம், ஒரு பள்ளிக்கூடம், இரண்டு டாக்டர்கள் உள்ள ஒரு கிளினிக். அந்தக் கிளினிக்கில்தான் மகள் வேலை செய்தாள்.

கிழமைக்கு ஒருமுறை வரும் ஊர்ப் பத்திரிகையையும் அவர் இணையத்தில் படித்தார். யார் செத்தது, எந்தப் பாலம் திருத்துகிறார்கள், எந்தத் தேவாலயத்தில் சனிக்கிழமை மீன் பொரிக்கிறார்கள் என்பதெல்லாம் அதில் வரும். ஒருதரம் சிவரூபினியின் படம் வந்திருந்தது. கதிரைகளில் இருந்த வயதான பெண்களுக்குக் கையைத் தூக்கிக் காட்டிக்கொண்டு நின்றாள். பெயரைப் பிழையாகப் போட்டிருந்தார்கள். முகம் கொஞ்சம் மெலிந்திருந்தது. அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டே இருந்ததில் அன்றைக்குச் சாப்பாட்டுக்குப் பிந்திவிட்டார்.

பெப்ரவரி மாதத்தில் ஒரு வியாழக்கிழமை. லண்டனில் பதினொன்றரை மணி. கனகாம்பிகை குசினியில் லீக்ஸ் அரிந்துகொண்டிருந்தாள். குலசேகரம் படியில் இறங்கி வரும் சத்தம் கேட்டது. வழக்கமாகப் பிடியைப் பிடித்து ஆறுதலாக இறங்குகிறவர், அன்றைக்கு அவசரமாக வந்தார். காலில் செருப்பு இல்லை.

"கனகம், பிள்ளைக்கு ஒருக்கா போன் எடு."

அவள் கத்தியைக் கீழே வைத்தாள். மூன்று வருடத்தில் அவர் வாயில் பிள்ளை என்ற சொல் வந்ததில்லை.

"என்னப்பா? இப்ப அங்கை விடியேல்லையே."

"அங்கை சுழல்காத்து அடிச்சிருக்கு. அரை மணித்தியாலத்துக்கு முந்தி. நீ முதல்லை எடு."

அவள் எடுத்தாள். போன் அடிக்கவேயில்லை. டாரியஸின் நம்பருக்கு எடுத்தாள். அதுவும் அப்படித்தான். மெசேஜ் போட்டாள். போய்ச் சேராமல் ஒற்றைச் சரி அடையாளத்தோடு நின்றது. 

"உங்களுக்கு ஆர் சொன்னது? நியூஸிலை ஒண்டும் வரேல்லையே."

"நியூஸிலை வராது. அவ்வளவு சின்ன இடம். வானிலைப் பக்கத்திலை பாத்தனான்."

அவர் மேலே போய் லாப்டொப்பையும் கொப்பியையும் தூக்கிக்கொண்டு வந்து சாப்பாட்டு மேசையில் வைத்தார். கொப்பிக்குள் நாலாக மடித்த ஒரு பெரிய தாள் இருந்தது. விரித்தபோது, கனகாம்பிகைக்கு முதலில் என்னவென்று விளங்கவில்லை. பென்சிலால் கீறிய றோட்டுகள். நீலத்தில் ஓடைகள். தேவாலயங்களுக்குச் சின்னச் சின்னச் சிலுவைகள். ஓரிடத்தில் தமிழில் 'பிள்ளையின் வீடு' என்று எழுதியிருந்தது. அவள் அந்த எழுத்தையே பார்த்தாள்.

"காத்து இந்தப் பக்கத்தாலை வந்திருக்கு" என்று அவர் விரலால் காட்டினார். "ஆல்ஸ்டனுக்குத் தெற்கை. ஓடையைத் தாண்டி இப்பிடி ஏறியிருக்கு. அவையின்ர வீடு..." அவர் சொல்லி முடிக்கவில்லை. விரல் போன வழியில்தான் வீடு இருந்தது.

கனகாம்பிகை கதிரையில் இருந்துவிட்டாள். "இதெல்லாம் எப்ப கீறினியள்?" என்று கேட்டாள்.  அவர் கொப்பியின் தாள்களைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

கைபேசிக் கோபுரங்கள் விழுந்திருக்கும், கம்பியில் வரும் பழைய போன்தான் வேலை செய்யும் என்று அவருக்குத் தோன்றியது. கிளினிக்குக்கு எடுத்தார். ஒருவரும் எடுக்கவில்லை. கோர்ட் கட்டடத்துக்கு எடுத்தார். லைன் பிஸி. அடுத்த பக்கத்தில் ஒரு தேவாலயத்தின் நம்பர் இருந்தது. மீன் சாப்பாட்டுக்குப் பெயர் கொடுக்கப் பத்திரிகையில் போட்டிருந்த நம்பர். கேட்கவேண்டியவர் திருமதி பியற்றிஸ் என்று இருந்தது. டாரியஸின் அம்மாவின் பெயர் பியற்றிஸ் என்று கனகாம்பிகை யாரிடமோ சொன்னதைக் கேட்டு, அன்றைக்கே குறித்து வைத்திருந்தார்.

முதல் தரம் அடித்து ஓய்ந்தது. இரண்டாம் தரமும் அப்படியே. கனகாம்பிகை சாமிப்படத்துக்கு முன்னால் போய் நின்றாள். அவர் விடாமல் எடுத்தார். எத்தனையாவது தரம் என்று அவருக்கே தெரியாது, ஒரு பெண் குரல் மூச்சு வாங்கியபடி, "ஹலோ, யார்?" என்றது. பின்னால் சனத்தின் இரைச்சலும் ஒரு குழந்தையின் அழுகையும் கேட்டன.

தபால் கந்தோரில் முப்பத்தொரு வருடம் பேசிய ஆங்கிலத்தை அவர் ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்தார். "நான் லண்டனில் இருந்து கதைக்கிறேன்" என்றார். "சிவரூபினியின் அப்பா."

மறுபக்கம் யாரையோ சத்தம் போடாதே என்று அதட்டியது கேட்டது.

"அவளுக்கு ஒன்றுமில்லை, ஐயா" என்றது குரல். "முதலில் அதைக் கேளுங்கள். இரண்டு பேருக்கும் ஒன்றுமில்லை. நான் டாரியஸின் அம்மா. நேற்றுப் பின்னேரமே எச்சரிக்கை வந்தது. அவர்களை இழுத்துக்கொண்டு வந்து தேவாலயத்துக்குக் கீழே உள்ள அறையில் படுக்க வைத்தேன். வீட்டின் கூரை போய்விட்டது. வீடுதானே, போகட்டும்."

குலசேகரம் மனைவியின் பக்கம் திரும்பிக் கையைக் காட்டினார். "இருக்கினம். ரெண்டு பேரும் இருக்கினம்." அவள் நின்ற இடத்திலேயே சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"உங்கள் மகள் ஒரு கிழவரின் காலுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருக்கிறாள். கூப்பிடுகிறேன்" என்று பியற்றிஸ் போனை வைத்துவிட்டுப் போகும் சத்தம் கேட்டது. அவர் போனைக் காதோடு அழுத்திப் பிடித்தார். ஒரு நிமிடம் இருக்கும்.

"அம்மா?"

"அப்பா" என்றார் அவர்.

"அப்பாவோ?" அவளுடைய குரல் மாறியது. "அப்பா, நீங்களோ எடுத்தது?"

"ஓம்."

என்ன சொல்வதென்று மூன்று வருடமாக அவர் யோசித்து வைத்திருந்த ஒன்றும் வாயில் வரவில்லை. வந்தது இதுதான்: "பிள்ளை, மழை பெய்யுதாம். வீட்டைப் பாக்கிறதுக்கெண்டு மத்தியூஸ் றோட்டாலை போகாதை. கார்வர் கிறீக் பெருகினா அந்தச் சின்னப் பாலத்துக்கு மேலாலை தண்ணி வரும். போன ஏப்ரலும் வந்தது. சுத்திப் போனாலும் பரவாயில்லை, மேற்கை உள்ள பெரிய பாலத்தாலை போ."

 லைன் அறுந்துவிட்டது என்று நினைத்தார்.

"பிள்ளை?"

"அப்பா, அந்தப் பாலம் உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"தெரியும்" என்றார் குலசேகரம்.  போனைக் கனகாம்பிகையிடம் கொடுத்துவிட்டுப் பின் வளவுக்குப் போய் நின்றார். குளிர் அடித்தது. வெறுங்கால் விறைத்தது. உள்ளே அவள் அழுவதும் சிரிப்பதும் கேட்டபடியே இருந்தது.

பத்து நாளைக்குப் பிறகு அந்த ஊரில் கைபேசிகள் வேலை செய்யத் தொடங்கின. ஞாயிற்றுக்கிழமை கனகாம்பிகை போனைக் குசினிக்குள் கொண்டுபோகாமல் முன்னறைக்கே கொண்டுவந்தாள். அவருக்குப் பக்கத்தில் இருந்து, ஸ்பீக்கரில் போட்டாள்.

"பிள்ளை, நான் அண்டைக்குச் சொன்னது பிழை" என்றார் குலசேகரம். "கலியாணத்துக்கு வராததும் பிழை. வேறை சொல்லுறதுக்கு எனக்குத் தெரியேல்லை."

"எனக்கு உங்களிலை கன காலம் கோவம் இருந்தது, அப்பா" என்றாள் சிவரூபினி. "இன்னும் கொஞ்சம் இருக்கு."

"இருக்கட்டும். இருக்கத்தானே வேணும்."

"ஆனா எடுங்கோ. ஒவ்வொரு கிழமையும் எடுங்கோ."

அவர் எடுத்தார். மகள் வேலைக்குப் போயிருந்த நேரங்களில் பியற்றிஸ்தான் எடுத்துப் பேசினார். கூரை போட்டு முடியும்வரைக்கும் எல்லாரும் அவருடைய வீட்டிலேதான் இருந்தார்கள். கவுண்டியின் இணையப் பக்கத்தில் படித்த சரித்திரத்தைக் குலசேகரம் ஒருநாள் அவரிடம் ஒப்புவித்தார். முதலில் வந்து காணி பிடித்தவர்களின் பெயர்கள், கோர்ட் கட்டிய வருடம், ரயில் வந்த வருடம், ரயில் நின்ற வருடம். பியற்றிஸ் கடைசிவரை பொறுமையாகக் கேட்டார்.

"எல்லாம் சரிதான்" என்றார். "ஆனால் அந்தக் காட்டை வெட்டினது யார் என்று அதில் இருக்கிறதா? என் பாட்டனுக்குப் பாட்டனை இங்கே நடத்திக்கொண்டு வந்தார்கள், சங்கிலியில். மீன் குளமாகக் கிடக்கும் காணி அவர் வெட்டினது. அடிமைகளை எண்ணி எழுதின அரசாங்கக் கணக்கில் அவருடைய பெயர் இல்லை, வயது மட்டும்தான் இருக்கிறது. பெயர் ஐசயா. எழுதுங்கள்."

குலசேகரம் எழுதினார். தங்கள் ஊரைப் பற்றியும் அரசாங்கம் எழுதினது ஒன்று, நடந்தது இன்னொன்று என்று சொன்னார். "அப்படியென்றால் உங்களுக்கு விளங்கும்" என்றார் பியற்றிஸ். அதன் பிறகு அவர் சொல்லச் சொல்லக் குலசேகரம் எழுதி, கொப்பி முடிந்து இன்னொன்று வாங்கினார். டெட்ராயிட்டுக்குப் போன பெரியம்மாவின் கதை, போகாமல் நின்ற தகப்பனின் கதை, வோட்டுப் போடப் பதியப் போய் வேலையை இழந்த தாயின் கதை எல்லாம் அதில் இருந்தன.

டாரியஸோடு மட்டும் பேச்சு நீளவில்லை. அவன் மரியாதையான பிள்ளை. 'ஓம் சேர், இல்லை சேர்' என்பதோடு நின்றுவிடும்.

"என்னைச் சேர் எண்டு கூப்பிடுறான்" என்று குலசேகரம் மனைவியிடம் குறைப்பட்டார்.

"பின்னை எப்பிடிக் கூப்பிடுறது? நீங்கள் ஒண்டும் சொல்லிக் குடுக்கேல்லையே."

அது சரிதான் என்று பட்டது. அடுத்த ஞாயிறு வீடியோவில் டாரியஸ் வந்தபோது அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "தம்பி, சேர் வேண்டாம். எங்கடை ஆக்கள் மனிசியின்ர தகப்பனை மாமா எண்டுதான் சொல்லுறது." பிறகு ஆங்கிலத்திலும் சொன்னார்.

டாரியஸ் நிமிர்ந்து உட்கார்ந்தான். வகுப்பில் பாடம் ஒப்புவிக்கும் பிள்ளை போலச் சத்தமாக, "மாமா" என்றான்.

"என்னடா?" என்று உள்ளேயிருந்து பியற்றிஸ் குரல் கொடுத்தார். பிறந்த நாளிலிருந்து அவன் தன் தாயைக் கூப்பிடுகிற சொல்லும் அதுதான். ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு அவர் வந்து திரைக்குள் எட்டிப் பார்த்தார். சிவரூபினி மேசையில் தலையைக் கவிழ்த்துச் சிரித்தாள். கனகாம்பிகை சேலைத் தலைப்பால் வாயைப் பொத்தினாள்.

"உங்களை இல்லை, அவரை" என்று டாரியஸ் தாயிடம் குலசேகரத்தைக் காட்டினான்.