பேசாத இருவர் வைத்த சங்கம்

ஆஸ்பத்திரிகளுக்கும் ஹோட்டல்களுக்கும் விரிப்பு வெளுத்துத் தரும் அந்தச் சலவை ஆலையில், தேய்ப்புப் பிரிவுக்குள் நுழைவது அடுப்புக்குள் நுழைவது போல. எக்ஸாஸ்ட் ஃபேன் எப்போதோ மூச்சை நிறுத்திவிட்டது. விரிப்பு திருடு போகிறதென்று மேனேஜர் பின்கதவையும் பூட்டி வைத்திருந்தார். ஒருநாள், வாயும் வயிறுமாக இருந்த ஒருத்தி உருளை மெஷினோரம் மயங்கிச் சரிந்தாள். கை உள்ளே போயிருக்க வேண்டியது. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று. மேனேஜர் வந்து பார்த்து, சாப்பிடாமல் வந்தால் இப்படித்தான் என்று சொல்லிவிட்டுப் போனார்.

விழுந்தவளைத் தாங்கிப் பிடித்தவள் நெட்டை. உயரத்துக்காக வந்த பெயர். சங்கம் வைத்துக் கதவைத் திறக்க வைப்பது என்று அன்றைக்கே முடிவு செய்தாள். சாப்பாட்டு நேரத்திலும் பஸ் நிறுத்தத்திலும் ஒவ்வொருவராகப் பேசிப் பேசித் தேய்ப்புப் பிரிவை ஒன்றாக்கினாள். ஆனால் தேய்ப்பு மட்டும் நின்றால், மேனேஜர் வெளியாட்களைக் கூட்டிவந்து ஒப்பேற்றிவிடுவார். துவைப்புப் பிரிவும் நிற்க வேண்டும். அங்கே வெண்கலம் வைத்ததுதான் சட்டம். குரலுக்காக வந்த பெயர் அது. அவள் நெட்டையின் நாத்தனார்.

இருவருக்கும் பேச்சு அறுந்து வருஷங்கள் ஆகியிருந்தன. வெண்கலத்தின் புருஷன் ஆபரேஷன் முடிந்து கிடந்தபோது, ஊரெல்லாம் வந்து பார்த்து முடித்த பிறகுதான் நெட்டை எட்டிப் பார்த்தாள். அந்தக் கோபம்.

ரோஷத்தை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு நெட்டை அவள் வீட்டுக்குப் போனாள். துணி மடித்துக்கொண்டிருந்த வெண்கலம் தலை நிமிரவில்லை. புருஷன் நடுவில் உட்கார்ந்து மத்தளம் மாதிரி இரண்டு பக்கமும் வாங்கினார்.

“என்னங்க, வந்தவங்களுக்கு என்ன வேணுமாம்?”

நெட்டை அவரைப் பார்த்தே எல்லாவற்றையும் சொன்னாள். மயங்கி விழுந்தவளைப் பற்றிச் சொன்னபோது மட்டும் வெண்கலத்தின் கை நின்றது.

“யோசிக்கிறேன்னு சொல்லுங்க. பழசை மறந்துட்டேன்னு மட்டும் நினைச்சுக்க வேணாம்னு சொல்லுங்க.”

“மறக்க வேணாம்னு சொல்லுங்கண்ணே. மெஷினை நிறுத்தினாப் போதும்.”

சுவருக்கும் காது உண்டு. மேனேஜர் வெண்கலத்தைக் கூப்பிட்டு நாற்காலி போட்டு உட்கார வைத்தாராம். அண்ணிக்காரி ஆட்டத்தைக் கலைத்துவிட்டால் சூப்பர்வைசர் வேலை உனக்குத்தான் என்றாராம். வெளியே வந்தவள் நேரே மெஷினை ஓட்டப் போய்விட்டாள். ஆனாலும் வேலையை நிறுத்தக் குறித்த நாளை நெட்டை மாற்றவில்லை.

அன்று உச்சிவேளையில் தேய்ப்பு மெஷின்களை நிறுத்திவிட்டு, எல்லோரும் பூட்டிய கதவின் முன்னால் தரையில் உட்கார்ந்தார்கள். சுவருக்கு அப்பால் துவைப்பு மெஷின்கள் கடகடவென்று ஓடிக்கொண்டேயிருந்தன. மேனேஜர் சிரித்தார். ஒருத்தி மெல்ல எழப் பார்த்தாள். நெட்டை அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அவ வரலைன்னாலும் நான் எந்திரிக்கப் போறதில்ல.”

வெகுநேரம் கழித்து ஒரு மெஷின் நின்றது. பிறகு இன்னொன்று. கடைசியில் தண்ணீர் சொட்டும் ஓசைதான் மிச்சம். ஈரக்காலோடு வெண்கலம் முன்னால் வர, துவைப்புப் பிரிவு மொத்தமும் பின்னால் வந்தது. சோப்புத் தண்ணீரில் துணியை ஊறப்போட்டுவிட்டு வர மனம் கேட்கவில்லை, அலசி முடித்துத்தான் வந்தோம் என்று பொதுவாகச் சொல்லிவிட்டு, நெட்டையின் பக்கத்திலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

மேனேஜருக்கு முகம் செத்துவிட்டது. உனக்கும் அவளுக்கும்தான் ஆகாதே என்றார்.

“ஆகாதுதான் சார். அது எங்க வீட்டுச் சண்டை. அதுல நீங்க குளிர்காய முடியாது. கதவைத் திறங்க.”

ஒவ்வொருவராக அறைக்கு வந்தால் பேசலாம் என்றார். ஒரு தலைகூட அசையவில்லை. வாசலில் ஆஸ்பத்திரி லாரி ஹாரன் அடித்து அடித்து ஓய்ந்தது. ஏற்ற ஒரு விரிப்பும் தயாராக இல்லை. பொழுது சாய்வதற்குள் சாவி வந்தது.

ஃபேனுக்கு இழுத்தடித்தார்கள். மறுபடி வேலை நின்றது, ஃபேன் வந்தது. சங்கத்தை ஏற்க முதலாளி முரண்டு பிடித்து, வேறு வழியில்லாமல் இறங்கிவந்தார். வெண்கலம் தலைவர், நெட்டை செயலாளர். இப்போதாவது பேசிக்கொள்கிறீர்களா என்று யாரோ கேட்டதற்கு நெட்டை சொன்னாள்:

“முதலாளிகிட்டப் பேசறதுக்கே எங்களுக்கு நேரம் போதல.”