அத்தை வாங்கி வந்த மருந்து

கால் உடைந்தால் உடைந்துவிட்டுப் போகட்டும், எலும்பு என்றாவது சேர்ந்துகொள்ளும். அது மருந்து தீரும் நேரம் பார்த்து உடைந்ததுதான் என் கெட்ட காலம். பாக்டரி வாசலில் மழைத்தண்ணீரில் மோட்டோர் சைக்கிள் வழுக்கி விழுந்தேன். இடது காலில் முழங்கால்வரை மாவுக்கட்டு. கட்டிலில் கிடந்தபடி அலமாரியில் இருந்த வைட்டமின் போத்தலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் இன்னும் ஒரே ஒரு மாத்திரைதான் இருந்தது.

அது வைட்டமின் இல்லை. எச்.ஐ.வி. மருந்து. என் புருஷன் கணேஸ்வரன் எனக்கு விட்டுப்போன சொத்து அந்தக் கிருமி. நுரையீரல் கெட்டு அவர் ஆஸ்பத்திரியில் படுத்தபோதுதான் எனக்கு விஷயம் தெரிந்தது. எனக்கும் ரத்தம் எடுத்துப் பார்த்துச் சொன்னார்கள். "எனக்கே இப்பதான் தெரியும் உஷா" என்று அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "அம்மாவுக்கு மட்டும் தெரிய வேணாம். தாங்க மாட்டாங்க." ஒரே வாரத்தில் போய்விட்டார். சாகப் போகிறவருக்குக் கொடுத்த வாக்கு. அதனால் அவர் அம்மாவிடம், ரத்தம் குறைவாக இருக்கிறது, அதற்கு மாத்திரை என்று சொல்லிவைத்தேன்.

எங்கள் ஊர் புலாவ் செபாங்கில் ஒருவர் தும்மினால் பக்கத்து ஊர் தம்பினில் இருப்பவர் கஷாயம் சொல்லுவார். ஆகவே உள்ளூர் கிளினிக் பக்கமே நான் போனதில்லை. ஆயர் குரோவில் என் பாக்டரிக்கு அருகில் இருக்கும் அரசாங்க கிளினிக்கில்தான் மருந்து. காசு கிடையாது. கவுண்டரில் இருக்கும் மலாய்ப் பெண் ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. மருந்து கிடைப்பதில் ஒரு கஷ்டமும் இல்லை, அதை ஒளித்து வைப்பதில்தான் எங்கள் கஷ்டமெல்லாம். விட்டு விட்டுச் சாப்பிட்டால் கிருமி மருந்துக்குப் பழகிவிடும், அப்புறம் எதுவும் கேட்காது என்று டாக்டர் எச்சரித்திருந்தார். அதனால் ஒரு வேளைகூட நான் தவறவிட்டதில்லை.

மாமியார் அன்னம்மா அறைக்குள் வந்தார். ரப்பர்ப் பால் மரம் வெட்டிக் காய்த்துப்போன கையை நீட்டினார்.

"அந்த ரத்த மாத்திரைதான? கார்டக் குடு. நான் போயி வாங்கியாறேன்லா."

"வேணாம் அத்தை. போன் பண்ணா போஸ்ட்ல அனுப்புவாங்க."

"போஸ்ட்ல வர்றதுக்குள்ள மாத்திரை முடிஞ்சிடும். தங்கராஜு காடி எடுத்துட்டு வர்றான். நீ படு."

என் கைப்பையைத் திறந்து கிளினிக் கார்டை அவரே எடுத்துக்கொண்டார். நான் கத்தினேன். எழுந்து ஓடிப் பிடுங்க முடியாதே. பக்கத்து வீட்டுத் தங்கராஜு அண்ணனின் மைவி கார் கிளம்பிப் போகும் சத்தம் கேட்டது.

கிளினிக்கில் கேட்டால் சொல்லிவிடுவார்களோ? கேட்டுவிட்டு வந்து அத்தை என்ன செய்வார்? தட்டைத் தனியாக வைப்பாரா? துணியைத் தனியாகத் துவைக்கச் சொல்வாரா? இந்த வீடு அவர் பெயரில் இருக்கிறது. "என் பிள்ளையக் கொன்னவளே, வெளிய போ" என்பாரோ? யார் யாருக்குக் கொடுத்தது என்று அவருக்கு யார் சொல்வது? மாவுக்கட்டும் ஊன்றுகோலுமாக நான் எங்கே போவேன்?

மத்தியானத்துக்கு மேல் திரும்பி வந்தார்கள். தங்கராஜு அண்ணன் சந்தையில் வாங்கிய கீரைக்கட்டு நிறைந்த பையை உள்ளே கொண்டுவந்து வைத்தார்.

"என்னம்மா உன் மாமியா, கிளினிக்குன்னு கூப்டுட்டு பாசார்ல எறக்கி விடுன்னு சொல்லுது. காங்கோங் கீரை வாங்க அவ்வளோ தூரமா? நான் காடியிலயே தூங்கிட்டேன்."

அப்படியானால் மருந்து? அண்ணன் போகும்வரை வாயைத் திறக்கவில்லை. அத்தை கதவைத் தாழிட்டார். ஜன்னல் திரையை இழுத்துவிட்டார். பிறகு கீரைக்கு அடியில் கையை விட்டு மருந்துப் போத்தலை எடுத்தார். அதில் லேபிள் இல்லை.

"காடிய கிளினிக் வாசல்ல நிறுத்தக் கூடாது. பாசார்ல எறங்கி நடந்துடணும். லேபிளக் கிழிச்சு அங்கயே போட்டுட்டு வந்திடணும், வீட்டுக்குக் கொண்டாரக் கூடாது."

பேசிக்கொண்டே தேங்காய் எண்ணெய் தொட்டு, போத்தலில் ஒட்டியிருந்த பிசினைத் தேய்த்து எடுத்தார். மாத்திரைகளை வைட்டமின் போத்தலுக்கு மாற்றினார். கடைசியாக மருந்துப் போத்தலிலிருந்த சின்ன வெள்ளைப் பொட்டலத்தையும் எடுத்து உள்ளே போட்டார்.

"இதத் தூக்கிப் போட்டுடாத. இது இல்லன்னா மாத்திரை நமத்துடும்."

"அத்தை... இது என்ன மருந்துன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"நீ ரத்தம் கொறவுன்னு சொன்ன அன்னிக்கே தெரியும்லா."

அடக்க முடியாமல் அழுதேன். இத்தனை காலமும் தெரிந்துகொண்டா எனக்குச் சோறு போட்டார்? தெரிந்துகொண்டா நான் குடித்த டம்ளரில் மிச்சத் தேநீரைக் குடித்தார்? காலில் கட்டு இல்லாவிட்டால் விழுந்து கும்பிட்டிருப்பேன். பெற்ற தாயைக்கூட நான் அப்படி நினைத்ததில்லை.

அத்தை ஒரு மாத்திரையை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார்.

"இப்ப சின்னதாத்தான் இருக்கு. அப்பல்லாம் பெருசா மஞ்சளா இருக்கும். அதப் போட்டா ராத்திரி பூரா கெட்ட கனவா வருதும்மான்னு கணேசு சொல்லுவான்."

கண்ணைத் துடைத்த கை அப்படியே நின்றது. என் புருஷன் இந்த வீட்டில் ஒரு மாத்திரை விழுங்கி நான் பார்த்ததில்லை.

"எப்ப சொன்னாரு?"

அத்தை மாத்திரையைப் போத்தலில் போட்டு மூடினார்.

"எப்ப அத்தை சொன்னாரு?"

"எஸ்டேட் லோரி ஓட்டுனப்ப."

எஸ்டேட் லோரி எங்கள் கல்யாணத்துக்கு முந்தியது. என்னைப் பெண் பார்க்க வந்தபோதே அவர் டுரியான் துங்காலில் கம்பெனி லோரிக்கு மாறியிருந்தார். இந்த நாட்டில் மலாய்ப் பிள்ளைகள் கல்யாணத்துக்கு முன் ரத்தச் சோதனை செய்தாக வேண்டும். நாம் ஜாதகம் பார்ப்போம். எங்களுக்குப் பத்துக்கு எட்டுப் பொருத்தம். ஐயர் மெச்சிக்கொண்டார்.

"தெரிஞ்சேவா கட்டி வச்சீங்க?"

"கத்தாத. பக்கத்து வூட்டுல கேக்கும்."

"கேக்கட்டும்!"

அவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். குரல் இறங்கிவிட்டது. "மருந்த ஒழுங்கா சாப்ட்டா யாருக்கும் ஒட்டாதுன்னு டாக்டர் சொன்னாரு. கல்யாணம் பண்ணிக்கலாம், ஆனா பொண்ணுகிட்ட முன்னாடியே சொல்லிடுன்னாரு. எப்படிம்மா சொல்றது? நான்தான் மாசாமாசம் போயி வாங்கிக் குடுப்பேன். நீ வந்ததும், ஒன் கண்ணுல பட்டுடும், வீட்டுல வைக்க வேணாம்னுட்டான். லோரியில வச்சு சாப்பிடுறேன்னான். நம்பிக் குடுத்தேன்."

"சாப்ட்டாரா?"

அத்தை போத்தல் மூடியை இன்னொரு தரம் இறுக்கித் திருகினார்.

"செத்தப்புறம் அவன் சாமான எடுக்கக் கம்பெனிக்குப் போனேன்ல. லோரி சீட்டுக்கு அடியில இருந்துச்சு. நான் குடுத்தது பூரா. ஒன்னுகூடப் பிரிக்கல. கூட ஓடுற பையன் பாத்துடுவான்னு பயந்திருக்கான்."

மருந்து மாதம் தவறாமல் கிளினிக்கிலிருந்து வந்திருக்கிறது. அவர் உட்கார்ந்து ஓட்டிய சீட்டுக்கு அடியிலேயே கிடந்திருக்கிறது. எனக்குத் தெரியக் கூடாது என்று சாப்பிடாமல் விட்டு, அந்த நோயை எனக்கே கொடுத்துவிட்டுச் செத்திருக்கிறார். "எனக்கே இப்பதான் தெரியும் உஷா" என்று அழுத அந்த முகத்தை நினைத்தேன். அறைந்திருக்க வேண்டும்.

"சொல்லியிருந்தா நீ கழுத்த நீட்டியிருப்பியா?" என்று கேட்டார் அத்தை.

"மாட்டேன்."

"அதான்" என்றார். "அவன் நான் பெத்த புள்ளம்மா."

"நான் யாரு பெத்த புள்ள அத்தை?"

அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். நான் தொடவில்லை. சாமி விளக்கு ஏற்றுகிற நேரம் ஆனது. என் கைப்பேசி மருந்து வேளைக்கு மணி அடித்தது. அத்தை எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்தார். மாத்திரையை உள்ளங்கையில் வைத்து நீட்டினார்.

அந்தக் கையிலிருந்து எதையும் வாங்கக் கூடாது என்றுதான் இருந்தது. தட்டிவிட்டிருப்பேன். ஆனால் மருந்தை விட்டுவிட்டுச் சாக நான் ஒன்றும் கணேஸ்வரன் இல்லை. வாங்கி, அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே விழுங்கினேன்.