கதவை உடைத்த அக்கா

அந்த மனநல ஆலோசகருக்கென்று ஒரு பாணி இருந்தது. எதிரே உட்காருகிறவர் வாய் திறக்கத் தயங்கினால், முதலில் தன் கதையைச் சொல்லிவிடுவாள்.

"என் தம்பி பதினோரு நாள் ரூமைப் பூட்டிக்கிட்டுக் கிடந்தான். கடைசியில நான்தான் கதவை உடைச்சு வெளிய கூட்டிட்டு வந்தேன். அதுக்கப்புறம்தான் இந்தப் படிப்பையே எடுத்தேன்."

கேட்டவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு தங்கள் பாரத்தை இறக்கி வைப்பார்கள். எட்டு வருடமாக இந்த வைத்தியம் பலித்துக்கொண்டிருந்தது. சொல்லச் சொல்லக் கதைக்குக் கண், காது, மூக்கெல்லாம் முளைத்துவிட்டன. பொய் சொல்கிறோம் என்ற நினைப்புகூட அவளுக்கு இல்லை. நாலு பேருக்கு நல்லது நடக்கிறதே, போதாதா?

அன்று பதினோரு மணிக்கு நேரம் வாங்கியிருந்தவன் உள்ளே வந்தபோது பார்த்தால், அந்தத் தம்பியேதான். வேலை பார்க்கும் கிடங்கின் நீலச் சட்டையோடு வந்து, வருகிறவர்களுக்கான நாற்காலியில் உட்கார்ந்தான்.

"என்னடா, வீட்டுக்கு வந்திருக்கலாமே?"

"வீட்ல நீதான் பேசுவே. இங்க காது கொடுத்துக் கேப்பியாமே."

அவன் கிடங்கில் சரக்கு தூக்கும் வண்டி ஓட்டுகிறவன். கூட வேலை பார்ப்பவனின் மனைவி போன மாதம் இங்கே வந்து போயிருந்தாள். இங்கே கேட்ட தம்பி கதையை அவள் புருஷனிடம் சொல்ல, புருஷன் சாப்பாட்டு நேரத்தில் நாலு பேரிடம் சொல்ல, விஷயம் மேற்பார்வையாளர் காது வரை போய்விட்டது. நேற்று அவர் வண்டிச் சாவியை வாங்கி வைத்துக்கொண்டு, மனசு சரியாகும் வரை அட்டைப்பெட்டிகளுக்கு ஸ்டிக்கர் ஒட்டச் சொல்லிவிட்டார். ஆறு வருடம் ஒரு கீறல் விழாமல் ஓட்டியவனுக்கு இந்தக் கதி.

"உன் பேரை நான் யார்கிட்டயும் சொன்னதே இல்லடா."

"உனக்கு எத்தனை தம்பி?"

அவள் முகம் செத்துவிட்டது. "கெட்டதா எதுவும் சொல்லலயே. நீ மீண்டு வந்த கதையைத்தானே..."

"அக்கா, அந்தக் கதவை யாரும் உடைக்கல. நானாத்தான் தாழ்ப்பாளைத் திறந்துட்டு வந்தேன். நீ ஹால்ல உக்காந்து நகத்துக்குப் பாலிஷ் போட்டுட்டு இருந்தே. நிமிர்ந்து பாத்து, 'முதல்ல போய்க் குளி, நாறுது'ன்னே. அவ்வளவுதான்."

அவளுக்கு ஞாபகம் வந்தது. அழுகை முட்டியது, அழுதால் அதற்கும் அவன்தான் சமாதானம் சொல்ல வேண்டியிருக்கும் என்று அடக்கிக்கொண்டாள்.

"நான் வந்து உங்க மேற்பார்வையாளர்கிட்ட பேசறேன்டா."

"நீ பேசின வரைக்கும் போதும்."

பிறகு அவள் மெதுவாகக் கேட்டாள்.

"அந்தப் பதினோரு நாளும் உள்ள என்னடா பண்ணிட்டு இருந்தே?"

தம்பி அவளையே பார்த்தான்.

"இதைக் கேக்க உனக்குப் பதிமூணு வருஷம் ஆச்சு" என்று எழுந்தான். "வெளிய ஆள் காத்திருக்காங்க. அவங்களையாவது முதல்ல பேச விடு."